எழுபது என்றுதான் சொன்னேன்

மழை அளப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. முற்றத்தில் நட்ட கம்பில், கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குழாய் மாட்டியிருக்கும். தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும், கொப்பியில் எழுத வேண்டும், கொட்டிவிட்டுத் திரும்ப மாட்ட வேண்டும். எண்ணத் தெரிந்த எந்த மடையனும் செய்யக்கூடிய வேலை. எங்கள் வட்டமேட்டில் பதினான்கு வீடுகள் இருந்தன. அந்தப் பதினான்கிலும் இந்த மூன்று காரியத்தைத் தினமும் தவறாமல் செய்யக்கூடிய ஆள் யார் என்று அதிகாரிகள் தேடிப் பார்த்து, கடைசியில் என்னைப் பிடித்தார்கள்.

வாக்குமூலத்தை நீங்கள் ஆறுதலாக எழுதிக்கொள்ளுங்கள் சேர். எனக்கு அவசரம் இல்லை. பெயர் நடராஜா, வயது எழுபத்திரண்டு, தொழில் ஓவியம். உங்களுக்கு முன்னால் வந்த ஆள் பக்கத்திலேயே 'ஓய்வு' என்று ஒரு சொல் போட்டார். அதை வெட்டிவிடுங்கள்.

கண்டியில் ஓவியன் என்றால் யானை வரைகிறவன் என்று அர்த்தம். பெரஹெர ஊர்வலத்து யானை, குளத்தில் குளிக்கிற யானை, சூரியன் மறையும்போது தும்பிக்கை தூக்குகிற யானை. ஹோட்டல் சுவர்களிலும் வங்கி நடைகளிலும் நாற்பது வருஷம் நான் யானை மேய்த்தேன். ஒரு வங்கி மனேஜர், தும்பிக்கை வாசல் பக்கம் பார்த்தால் லட்சுமி வெளியே போய்விடுவாள் என்று திருப்பி வரையச் சொன்னார். வரைந்து கொடுத்தேன். வால் இப்போது வாசலைப் பார்த்தது, அதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். எனக்குக் கழுதைகள்மேல் கோபம் கிடையாது. அவற்றின் மூக்கடியில் நாற்பது வருஷம் கற்பூரம் கொளுத்திக்கொண்டு நின்ற ஆள்மேல்தான் கோபம்.

போன வருஷம் தைப்பொங்கல் முடிந்த கையோடு வலது கை நடுங்கத் தொடங்கியது. டொக்டர் ஒரு காகிதத்தில் சுருள் சுருளாகக் கோடு போடச் சொன்னார். போட்டேன். அதைப் பார்த்துவிட்டு, கூடிப்போனால் இரண்டு வருஷம் தூரிகை பிடிக்கலாம் என்றார். செத்த பிறகு என் பெயரில் யானை மட்டும் நிற்பதை நான் விரும்பவில்லை. ஒரு முகம் வேண்டும். ஒன்றே ஒன்று. அதைப் பார்க்கிறவன் மூச்சு விட மறந்துவிட வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான், அது பேராசை என்று எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை.

மழைக்குழாய் அதற்கு முந்திய வருஷம் வந்தது. எங்கள் மேடு சறுக்கக்கூடிய மண் என்று அளந்து பார்த்துவிட்டு, கொழும்பிலிருந்து வந்தவர்கள் கூட்டம் போட்டார்கள். குழாயில் மூன்று கோடு. எழுபத்தைந்து மில்லிமீட்டரைத் தொட்டால் கவனமாக இருக்க வேண்டும். நூறு என்றால் சாமான்களைக் கட்டி ஆயத்தமாக வேண்டும். நூற்றைம்பதைத் தாண்டினால் விசில் ஊத வேண்டும், எல்லாரும் இருந்தது இருந்தபடி கீழே பள்ளிக்கூடத்துக்கு இறங்க வேண்டும். யாரிடம் கொடுப்பது என்ற பேச்சு வந்தபோது கிராம சேவகர் மர்சூக் எழுந்தார்.

"மாஸ்டர் ஊட்டோடதானே இரிக்கிறாரு. கையெழுத்தும் முத்து மாதிரி. வேற யாருக்கு குடுக்கிற?" என்றார்.

எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு ஒரு சிவப்பு விசில் தந்தார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள் சேர். என் முற்றத்துக்கு வேலி கிடையாது. தண்ணீர் எடுக்கப் போகிறவர்களும் கடைக்குப் போகிறவர்களும் அந்தக் குழாயை உரசிக்கொண்டுதான் போவார்கள். கோடும் எண்ணும் கொட்டை எழுத்தில் இருந்தன. ஒருவராவது குனிந்து பார்த்திருக்கலாம். இரண்டு வருஷத்தில் ஒருவரும் பார்க்கவில்லை. குழாயைத் தாண்டி என் வாசலுக்கு வந்து, "இன்னக்கி எவ்வளவு மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பக் குழாயைத் தாண்டிப் போவார்கள். மாஸ்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். படித்த மனுஷன், வெள்ளைச் சட்டை போடுகிறவர், கொப்பியில் கோடு பிசகாமல் எழுதுகிறவர். தங்கள் உயிரைத் தாங்களே குனிந்து பார்க்கச் சோம்பல்பட்ட சனங்கள். இவர்களுக்காகத்தான் நீங்கள் இப்போது என்னை முறைக்கிறீர்கள்.

பாலாம்பிகை எனக்கு நேர் கீழ்வீடு. நாற்பத்தெட்டு வயது, புருஷன் இல்லை. விடியக்காலையில் இடியப்பம் அவித்து டவுன் கடைகளுக்கு அனுப்புவாள். ஒரே மகள் சஞ்சீவனிக்குப் பல்லேகலவில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் வேலை. தெருவில் கண்டால் இரண்டாம் தடவை திரும்பிப் பார்க்கத் தோன்றாத முகம். பத்து வருஷம் பக்கத்தில் இருந்தும் நானும் பார்த்ததில்லை.

மே மாதம் ஒரு பகல், இடியப்பத் தட்டோடு வாசலில் வந்து நின்றாள். விரத நாளில் எனக்கும் கொஞ்சம் தருவது அவள் வழக்கம். அப்போது மழை பிடித்தது. தகரக் கூரையில் அடித்து விழுந்தது. அவள் தட்டைக் கையில் பிடித்தபடியே நின்றாள். தலை இலேசாக இடப்பக்கம் சாய்ந்தது. கண் திறந்திருந்தது, எதையும் பார்க்கவில்லை. வாய் ஒரு சொல்லைத் தொடங்கப் போய் நடுவில் நின்றுவிட்டது. அவள் மழையைக் கேட்கவில்லை. மழைக்குப் பின்னால் இருந்த மலையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இருபது விநாடி இருக்கும். என் வாழ்நாளில் நான் பார்த்த முதல் முகம் அது என்று சொன்னால் உங்களுக்கு விளங்காது, பரவாயில்லை, எழுதுங்கள்.

அதன் கதையைப் பிறகு அவளே சொன்னாள். புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள். ஒன்பது வயதில் ஒரு மழைநாள் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறாள். குடத்தோடு திரும்பி வந்தபோது லயம் இருந்த இடத்தில் சேறு. அம்மாவும் இரண்டு தம்பிகளும் உள்ளே. அன்றைக்குப் பிறகு மழை பெய்தால் கை வேலை நின்றுவிடும், காது மலைப்பக்கம் போய்விடும். இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை, இடியப்பம் ஆறிப்போகிறது சாப்பிடுங்க மாஸ்டர் என்றாள். தன்னிடம் என்ன இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. குரங்கு கையில் பூமாலை என்பது இதுதான்.

மாரியம்மன் கோயிலுக்கு அம்மன் படம் வரையப் போகிறேன், மாதிரிக்கு ஒரு ஆள் வேண்டும் என்றேன்.

"என்ன மாஸ்டர், இந்த மூஞ்சியவா? எண்ணெ வழியிற மூஞ்சிய பாத்து அம்மனே ஓடிருவா" என்று சிரித்தாள்.

ஆனால் வந்தாள். தினமும் இரண்டு மணிக்கு, இடியப்ப வேலை முடித்து, குளித்து, திருநீறு பூசி, கோயிலுக்குப் போகிற மாதிரி வந்து கதிரையில் உட்கார்ந்தாள். நாலு மணிவரை அசையமாட்டாள். அம்மனுக்கு என்று நினைத்துக்கொண்டு, வரத் தொடங்கிய நாளிலிருந்து மச்சம் மாமிசம் தொடவில்லையாம். அதைக் கேட்க எனக்குச் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

வெயில் நாளில் அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. பிசைந்து மூடி வைத்த மா மாதிரி இருந்தது. மழை வந்தால் ஒரு நிமிஷம் வரும், பழகியதும் போய்விடும். ஆனி, ஆடி முழுக்க இந்தப் பிச்சை எடுத்தேன். கன்னமும் நெற்றியும் கழுத்தும் வந்துவிட்டன. கண்ணும் வாயும் இருக்க வேண்டிய இடம் துணியில் வெள்ளையாகக் கிடந்தது.

ஆகஸ்டில் ஒரு நாள் வெறும் தூறல். குழாயில் பதினெட்டு. "இன்னக்கி எவ்வளவு மாஸ்டர்?" என்று வழமைபோலக் கேட்டபடி உட்கார்ந்தாள். நான் தூரிகை துடைத்துக்கொண்டிருந்தேன். என்ன நினைப்பிலோ அறுபத்தெட்டு என்று சொல்லிவிட்டேன். முகம் வந்தது. வந்து, போகாமல் அரை மணி நேரம் நின்றது.

என் மேசையில் பதினொரு வர்ணம் இருந்தது. பன்னிரண்டாவது வர்ணம் முற்றத்தில் கம்பில் தொங்கிக்கொண்டிருந்ததை அன்றைக்குத்தான் கண்டேன். அதன் பிறகு வேலை ஒழுங்காக நடந்தது. முப்பது சொன்னால் ஒன்றும் ஆகாது. ஐம்பதுக்கு உதட்டு ஓரம் இறுகும். எழுபதுக்குத் தலை சாயும், கண் காலியாகும். தொண்ணூறு சொன்னால் கெட்டுப்போகும், எழுந்து அடையாள அட்டைப் பையைத் தேடத் தொடங்கிவிடுவாள். எழுபதுதான் அவளுடைய எண். உங்கள் மேசையில் இருக்கிற கறுப்பு மட்டைக் கொப்பியில் எல்லாம் எழுதியிருக்கிறேன். முதல் வரிசை குழாயில் இருந்தது, இரண்டாம் வரிசை நான் சொன்னது, மூன்றாவது முகம் எப்படி வந்தது என்பது. அதை என்னிடமிருந்து கண்டுபிடித்ததாக உங்கள் ஆட்கள் பெருமைப்படுகிறார்களாம். கையோடு கொண்டு வந்து உங்கள் மேசையில் வைத்ததே நான்தான். ஒரு ஓவியன் வேலை செய்த குறிப்பு அது, ஒளிக்க வேண்டிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஒக்டோபரில் ஒரு பிழை விட்டேன். அதையும் ஒப்புக்கொள்கிறேன். நல்ல மழை, குழாயில் ஐம்பது. எழுபதுக்கு மேலே என்ன இருக்கிறது என்று ஒரே ஒரு தடவை பார்த்துவிட ஆசைப்பட்டு நூற்று நாற்பது என்றேன். அவள் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்து ஓடினாள். பதினான்கு வீட்டுக் கதவையும் தட்டினாள். எல்லாரும் கோழி, குழந்தை, டீவி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு இறங்கினார்கள். நானும் குடையை எடுத்துக்கொண்டு போனேன், வேறு வழி இருக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் மழை விட்டு வானம் வெளுத்துவிட்டது. மறுநாள் பகல்வரை மலை மலையாகவே நின்றது.

மூன்றாம் வீட்டு சுரேஸ் த்ரீவீலர் ஓட்டுகிறவன். வாய் சும்மா இருக்காது. "என்னக்கா, மலைய இன்னும் காணோம்? பஸ் கெடைக்கலியோ?" என்றான். முழுப் பள்ளிக்கூடமும் சிரித்தது. மர்சூக் வந்து மழைக் கொப்பியைப் பார்த்தார். நூற்று நாற்பது என்று முத்து மாதிரி எழுதியிருந்தது. குழாயில் இலை விழுந்து தண்ணீர் ஏறியிருக்கும் என்றேன். "அப்பிடித்தான் இரிக்கும் மாஸ்டர்" என்றார். பழி என்மேல் வரவில்லை. பாலாம்பிகைக்கு மழைப்பைத்தியம் என்ற பெயர் வந்தது.

அன்று பின்னேரம் அவள் இடியப்பமும் சொதியும் கொண்டு வந்தாள். "மன்னிச்சிருங்க மாஸ்டர். என்னால உங்களுக்கும் கெட்ட பேரு" என்றாள்.

"பரவாயில்லம்மா. நாளைக்கி ரெண்டு மணிக்கு வா" என்றேன்.

இப்போது நீங்கள் காத்துக்கொண்டிருக்கிற இடத்துக்கு வருகிறேன். நவம்பர் கடைசி. மூன்று நாள் மழை. முதல் நாள் குழாயில் அறுபத்திரண்டு. நான் சொன்னது நாற்பது. நிஜ மழை கொட்டும்போது எண்ணைக் குறைத்தால்தான் அவள் எழுந்து ஓடாமல் இருப்பாள். வாயை அன்று முடித்தேன். இரண்டாம் நாள் தொண்ணூற்றெட்டு. சொன்னது ஐம்பத்தைந்து. இடது கண் வந்தது, கையும் அன்று நடுங்கவில்லை. இப்படி ஒரு நாள் இனி வராது என்று எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் காலையிலிருந்து மத்தியானத்துக்குள் நூற்று அறுபத்துமூன்று. நான் குழாயைக் கழற்றி, முருங்கை மரத்தடியில் கொட்டிவிட்டுத் திரும்ப மாட்டினேன். சுரேஸின் மனைவி நிஷாந்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வழியாகப் போனாள். நான் கொட்டுவதைப் பார்த்தாள். "ரொம்பவா மாஸ்டர்?" என்று கேட்டாள். "இல்ல, சுத்தம் பண்ணுறேன்" என்றேன். சரி என்று போய்விட்டாள்.

பன்னிரண்டரைக்கு மர்சூக் போன் எடுத்தார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"மாஸ்டர், எல்லாப் பக்கமும் கூடிட்டு. என்ட கையில ஒரு பஸ்தான் இரிக்கி. உங்கட மேட்டுல எவ்வளவு?"

"எழுபது."

"ஷுவரா?"

"நான் என்னக்கி மர்சூக் பிழையா சொன்னேன்?"

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப நான் பஸ்ஸ ஆத்துப் பக்கம் அனுப்புறன்" என்று வைத்துவிட்டார். ஒக்டோபர் ஞாபகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஆற்றோரத்தில் அன்று அறுபது பேரைக் காப்பாற்றியதாகப் பத்திரிகையில் அவர் படம் வந்தது. அந்த பஸ் அங்கே போனது என் பேச்சால்தான். அதை யாரும் எழுதவில்லை.

அடுத்து சஞ்சீவனி. பல்லேகலவிலிருந்து. பின்னால் மெஷின் சத்தம் கேட்டது.

"மாஸ்டர், அம்மா போன்ல ஒரு மாதிரி பேசுறாங்க. குசினிக் கதவு சாத்த முடியலயாம், செவரு வெடிச்சிருக்காம். நான் லீவு கேட்டுட்டு வந்து கூட்டிக்கிட்டு போகவா?"

"மழைக்கி பலகை ஊதும் மகள். எழுபதுதான். நீ வேலைய பாரு."

"அம்மா பயந்துருவாங்க மாஸ்டர். கொஞ்சம் பாத்துக்குங்க."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பொய் இல்லை. அன்று ஒன்றரை மணி நேரம் அவள் அம்மாவை நான் பார்த்த மாதிரி உலகத்தில் யாரும் யாரையும் பார்த்திருக்கமாட்டார்கள்.

பாலாம்பிகை சரியாக இரண்டு மணிக்கு வந்தாள். குளித்திருந்தாள், திருநீறு பூசியிருந்தாள், சேலைத் தலைப்பு நனைந்திருந்தது. பையைக் கையோடு கொண்டு வந்திருந்தாள், அடையாள அட்டையும் பாங்குப் புத்தகமும் உள்ள பை. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். படத்தில் பை வரப் போவதில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

"கோயில் பக்கத்துக் கேணித் தண்ணி சேறா வருது மாஸ்டர்."

"மழைன்னா அப்பிடித்தான்."

"நெசமா எழுபதுதானா?"

"எழுபது."

அவள் என்னைப் பார்த்தாள். ஒக்டோபரில் ஊரே சிரித்தது அவள் கண்ணில் இருந்தது. மலை வருகிறது என்று காது சொல்கிறது, வரவில்லை என்று மாஸ்டர் சொல்கிறார். காதை நம்பினால் திரும்பவும் பைத்தியம் என்பார்கள். எழுந்து போகவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. அதுதான் சேர் அந்த முகம். ஆறு மாதம் நான் தேடியது அரைப் பயம் இல்லை, முழுப் பயம் இல்லை. நம்பிக்கையும் பயமும் ஒரே கயிற்றை இரண்டு பக்கமும் இழுக்க, நடுவில் அசையாமல் நிற்கிற அந்த ஒரு இடம். வலது கண்ணை ஒரே மூச்சில் போட்டேன். மூன்றரைக்கு முடிந்தது.

"முடிஞ்சிதா மாஸ்டர்? நான் பாக்கட்டா?" என்றாள்.

"காயட்டும். பிறகு பாக்கலாம். நீ போ" என்றேன்.

பையை எடுத்துக்கொண்டு போனாள். தன் வீட்டுக்குத்தான் போனாள்.

மண் வந்தது நாலு மணி பத்துக்கு. நடுவில் நாற்பது நிமிஷம். இறங்கிப் போகப் பதினைந்து நிமிஷம் போதும், கிழவிகளையும் தூக்கிக்கொண்டு போகலாம். படம் முடிந்த பிறகாவது ஏன் விசில் ஊதவில்லை என்று உங்கள் ஆள் கேட்டார். களைத்துப் போயிருந்தேன் என்று அவரிடம் சொன்னேன். அது பொய். உங்களிடம் சரியாகச் சொல்கிறேன். குழாயில் தண்ணீர் மறுபடியும் நூற்றைம்பது கோட்டைத் தாண்டியிருந்தது. விசில் ஊதினால் எல்லாரும் என் முற்றத்துக்குத்தான் ஓடி வருவார்கள். எழுபது எப்படி ஒரே மூச்சில் இவ்வளவானது என்று அன்றைக்காவது குனிந்து பார்ப்பார்கள். இடியப்பக்காரியும் த்ரீவீலர்க்காரனும் சுற்றி நின்று என்னைக் கேள்வி கேட்பார்கள். அந்தச் சனங்களுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க எனக்கு விருப்பம் இருக்கவில்லை. காரணம் அவ்வளவுதான்.

சுரேஸ் வண்டியைக் கீழே நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்திருந்தான். டவுனுக்கு ஒரு அவசரம் என்றேன். படத்தை இரண்டு சுற்று பொலித்தீனில் சுற்றி, ஈரம் தட்டாமல் நானே தூக்கிக்கொண்டு இறங்கினேன். "இந்த மழையில அப்பிடி என்ன மாஸ்டர், தங்கமா?" என்று கேட்டான். டவுனில் கண்ணாடிச் சட்டம் போடுகிற பஹீமின் கடைக்கு என்னைக் கொண்டுபோய் விட்டான். மலை இறங்காது என்று நம்பிய ஆள் எதற்குப் படத்தை மட்டும் கீழே கொண்டுபோனாய் என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. கூரை ஒழுகும் என்று நினைத்தேன்.

கடை வாசலில் சுரேஸ் வண்டியைத் திருப்பினான். நிஷாந்தியும் பிள்ளையும் தனியே இருக்கிறார்கள், போகணும் என்றான். இருந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போ என்று நான் சொன்னேன். அவன் கேட்கவில்லை. நான் சொன்னேன் என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

பதினேழு பேர். பாலாம்பிகையை இரண்டாம் நாள் எடுத்தார்கள், குசினிக் கதவடியில். சுரேஸை வண்டியோடு, மேட்டுக்கு ஏறுகிற வளைவில். நான் தள்ளி மலை விழவில்லை சேர். மழையையும் நான் பெய்விக்கவில்லை. நாற்பது வருஷம் இந்த ஊர் என்னிடம் பொய் யானை வாங்கியது, யாரும் என்னைப் பொலிஸுக்குக் கூப்பிடவில்லை. ஒரே ஒரு எண்ணைக் குறைத்துச் சொன்னதற்கு இத்தனை கதிரை, இத்தனை கொப்பி. அந்த எண்ணால் பதினேழு பேர் செத்தார்கள் என்று எழுத வேண்டுமானால் எழுதுங்கள். செத்தார்கள். நான் அறிந்துதான் சொன்னேன். நூற்று அறுபத்துமூன்று என்றால் என்ன ஆகும் என்று அந்தக் கூட்டத்தில் கவனித்துக் கேட்ட ஒரே ஆள் நான்தான். பதினேழு பேர் இன்னும் முப்பது வருஷம் இடியப்பம் அவித்து, வண்டி ஓட்டி, டீவி பார்த்துச் செத்திருப்பார்கள். அவர்களில் ஒருத்தியின் முகமாவது மிஞ்சியது. தராசில் வைத்துப் பாருங்கள் என்று முந்தாநாள் வரைக்கும் உங்களிடம் சொல்லியிருப்பேன்.

நேற்றுத்தான் நீங்கள் சஞ்சீவனியைக் கூட்டி வந்தீர்கள். படத்தை அலுமாரியில் சாய்த்து வைத்து, இது உங்கள் அம்மாவா என்று கேட்டீர்கள். அவள் நெடுநேரம் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். ஓவியத்தைக் கண்டு அழுகிற முதல் ஆள் இவளாக இருக்கப் போகிறாளே, ஒரு துணி தைக்கிற பெண், என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

"இது யாரு சேர்?" என்று உங்களிடம் கேட்டாள்.

நீங்கள் மறுபடி கேட்டீர்கள்.

"எங்கம்மா இல்ல. அம்மாவுக்கு மழைன்னா பயம்தான். ஆனா பயந்தா எங்களத்தான் தேடிப் பாப்பாங்க. நான் எங்க நிக்கிறேன், பக்கத்து வீட்டு புள்ள எங்க நிக்கிதுன்னு. இது யாரையும் பாக்கல" என்றாள்.

அவளுக்குக் கண் இல்லை என்று நினைத்தேன். பத்து நிமிஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு கண்ணை மூடி, படத்தை விட்டுவிட்டு, நிஜமாகப் பாலாம்பிகையின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். திருநீறு வந்தது. நனைந்த சேலைத் தலைப்பு வந்தது. மடியில் இருந்த பையின் வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது, அதுவும் வந்தது. முகம் வரவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் நான் வரைந்ததுதான் வந்து நின்றது. இரவு முழுக்க முயற்சி செய்தேன், இன்று காலையும்.

இது ஒரு தொழில்நுட்பக் கோளாறு, வேறொன்றும் இல்லை. இடது கண்ணில் எங்கோ பிசகியிருக்கிறேன். திருத்திவிடலாம், கை இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். அந்தப் பெண் நேற்றுப் பேசிக்கொண்டிருக்கும்போது உங்கள் ஜன்னல் தகட்டில் தூறல் விழுந்தது. அவள் பேச்சு நின்றது, தலை இடப்பக்கம் சாய்ந்தது. நீங்கள் எழுதிக்கொண்டிருந்தீர்கள், கவனித்திருக்கமாட்டீர்கள். அவளை இன்னொரு தடவை கூட்டி வாருங்கள் சேர். வந்து உட்கார்ந்ததும், வீடு போன பிறகு அவள் தங்கியிருக்கிற முகாமுக்கு மேலேயும் மண் வெடித்திருக்கிறது என்று மெதுவாகச் சொல்லுங்கள். மழை எவ்வளவு என்று கேட்பாள். என்ன எண் சொல்ல வேண்டும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லித் தருகிறேன்.